காருக்கு ஜிபிஎஸ் கருவி: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: காரில் மாட்டிக் கழற்றக்கூடிய ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி ஒன்று வாங்க நினைக்கிறேன். கையில் இருக்கும் பணம் குறைவு. கடையில் ஐந்து அங்குலம், ஏழு அங்குலம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்காக இருக்கிறது. ஆனால் அட்டையைப் படித்தால் எல்லாவற்றிலும் அதே வசதிகள்தான். மலிவானதை வாங்கினால் வழி தவறிவிடுமா?

பதில்: தவறவும் கூடும். ஆனால் அதற்குக் காரணம் திரையின் அளவோ செயற்கைக்கோளோ ஆக இருக்காது. உள்ளே இருக்கும் வரைபடமாகத்தான் இருக்கும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சிக்னல் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இடத்தைக் குறிக்க மூன்று போதும். ஆனால் செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், கருவியில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அந்த நேரப் பிழையைத் திருத்துவதற்குத்தான் நான்காவது. இந்த வேலையை நகத்தின் அளவுள்ள ஒரு சிப் செய்துவிடுகிறது. திறந்த வானத்தின் கீழ் மலிவான கருவியும் உங்கள் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் சிக்னலையும் சேர்த்து வாங்கும் கருவியாக இருந்தால், உயரமான கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் தடுமாற்றம் குறையும். அவ்வளவுதான்.

வரைபடத்தின் கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் பெயர் தெரியாத ஒரு மலிவுக் கருவியை வாங்கினேன். முதல் சில மாதங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் புதிதாகத் திறந்திருந்த புறவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். காருக்குக் கீழே நான்கு வழிச் சாலை. திரையிலோ வெறும் பச்சை நிறம். அதன் நடுவே என் காரைக் குறிக்கும் அம்பு மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. 'முடிந்த இடத்தில் திரும்பவும், முடிந்த இடத்தில் திரும்பவும்' என்று குரல் ஓயவே இல்லை. வீட்டுக்கு வந்து புதிய வரைபடம் தேடினால், தயாரித்தவர்களின் இணையதளத்தில் அப்படி ஒரு மாடலே பட்டியலில் இல்லை. அன்றைக்கு அது நிற்கும் இடத்தை இம்மி பிசகாமல் அறிந்திருந்தது. அந்த இடத்தில் சாலை இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

ஆகவே கடையில் கருவியைக் கையில் வாங்கியதும் திரையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மின் இணைப்புக் கொடுக்கச் சொல்லி மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் திறக்கப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்த ஒரு சாலை; கதவு எண்ணோடு ஒரு சின்னக் குறுக்குத் தெரு; அண்மையில் ஒருவழிப்பாதை ஆன ஒரு தெரு. மூன்றில் இரண்டு சரியாக வராவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். அமைப்புகள் பகுதியில் வரைபடம் எந்த ஆண்டுக்குரியது, யாருடையது என்றும் எழுதியிருக்கும். கருவி செய்யும் நிறுவனங்கள் பல இருந்தாலும், உலகம் முழுவதற்கும் சாலை வரைபடம் தொகுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஹியர், டாம்டாம், தன்னார்வலர்கள் 2004 முதல் சேர்ந்து உருவாக்கிவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பெயர் எதுவும் காணாவிட்டால், 'இந்த வரைபடம் எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். பதில் வராத கருவியில் உரிமம் இல்லாமல் படியெடுத்த பழைய வரைபடம் இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் புதுப்பிப்பு ஒருநாளும் வராது.

அட்டையில் 'வாழ்நாள் முழுவதும் இலவச வரைபடம்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது உங்கள் வாழ்நாள் அன்று, கருவியின் வாழ்நாள். அதுவும் எதுவரை என்பதை நிறுவனமே முடிவு செய்யும். 2018இல் டாம்டாம் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்கு வரைபடப் புதுப்பிப்பு இனி இல்லை என்று அறிவித்தபோது, 'வாழ்நாள்' என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானதுதான். இருந்தாலும், அந்த வாக்குறுதியே இல்லாத கருவியைவிட இது எவ்வளவோ மேல். ஆண்டுக்கு எத்தனை முறை புதுப்பிப்பு, எந்தெந்த நாடுகளுக்கு, வைஃபை வழியாகவே வருமா அல்லது கணினியோடு இணைக்க வேண்டுமா என்பதைக் கேட்டு, முடிந்தால் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெமரி கார்டு செருக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வரைபடங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகும். உள்ளே இடம் போதாமல் போனால், புதுப்பிப்பு இலவசமாகக் கிடைத்தும் ஏற்ற முடியாது.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு அங்குலம் கடையில் அழகாக இருக்கும். சின்ன காரில் முன்கண்ணாடியை மறைக்கும். வாங்குவதற்கு முன் அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, மாட்டப்போகும் இடத்தில் ஒட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். சாலையைக் கடப்பவர் அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு நொடி மறைந்தாலும் அது உங்களுக்குப் பெரிது. பெரும்பாலானவர்களுக்கு ஐந்து அல்லது ஆறு அங்குலமே போதும். 480க்கு 272 புள்ளிகள் கொண்ட திரையை ஏழு அங்குலத்துக்கு இழுத்தால் எழுத்து மங்கும். 800க்கு 480 இருந்தால் தெருப்பெயர் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: செல்போனிலேயே வழி பார்க்க முடிகிறதே, தனியாக ஒரு கருவி எதற்கு என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: உங்கள் பயணம் பெரும்பாலும் நகரத்துக்குள்தான் என்றால், உங்கள் மகன் சொல்வது சரி. உறுதியான ஒரு போன் தாங்கியும் நல்ல சார்ஜரும் வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தைச் சேமியுங்கள். நெரிசல் எங்கே என்பதைச் சொல்வதில் இணைய இணைப்புள்ள போனை மலிவுக் கருவி எட்டிப் பிடிக்க முடியாது.

இணையம் இல்லாவிட்டால் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருப்பிடத்தைத் தருவது செயற்கைக்கோள். இணையத்திலிருந்து வருவது வரைபடம். வீட்டிலேயே வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வழி கிடைக்கும். கூகுள் மேப்ஸில் தேவையான பகுதியைச் சேமித்து வைக்கலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்அண்ட் போன்ற செயலிகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இணையமே இல்லாமல் இயங்குபவை. கருவிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் தனிக் கருவி தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுவதும் ஓட்டுபவர்கள், அழைப்பு வரும்போதெல்லாம் வரைபடம் மறைவதைப் பொறுக்க முடியாதவர்கள், வெயிலில் போன் சூடாகித் திரை மங்குவதைப் பார்த்தவர்கள், ஒரே காரை மாறி மாறி எடுக்கும் குடும்பங்கள். கண் பார்வை குறைந்துவரும் பெரியவர்களுக்கும் இது பெரிய உதவி. அதில் வழி காட்டுவதைத் தவிர வேறொன்றும் இல்லை, பொத்தான்கள் பெரியவை, வண்டியைக் கிளப்பியதும் தானே விழித்துக்கொள்ளும். அந்த நிம்மதிக்காகவே வாங்கலாம் என்பேன்.

கேள்வி: செயற்கைக்கோளுக்கு மாதக் கட்டணம் உண்டா?

பதில்: இல்லை. கருவி எதையும் அனுப்புவதில்லை, வானொலிப் பெட்டியைப் போல வாங்க மட்டும் செய்கிறது. துல்லியம் குறையட்டும் என்று பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையையும், ஜிபிஎஸ்ஸை இயக்கும் அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்திவிட்டது. கட்டணம் கேட்கிறார்கள் என்றால் அது வரைபடத்துக்கோ, போக்குவரத்து நெரிசல் தகவலுக்கோ இருக்கும். நெரிசல் தகவல் சில கருவிகளில் உங்கள் போனின் இணையம் வழியாக வரும். சிலவற்றில் சார்ஜர் கம்பிக்குள் இருக்கும் பண்பலை (எஃப்எம்) ரிசீவர் வழியாக வரும். இரண்டாவது வகையில் அந்தக் கம்பி தொலைந்தால் வசதியும் போய்விடும். சாதாரணக் கம்பியை மாட்டினால் சார்ஜ் மட்டும்தான் ஏறும்.

கேள்வி: புதுக் கருவியை வாங்கிக் காரில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். கால் மணி நேரமாகியும் 'செயற்கைக்கோளைத் தேடுகிறது' என்றே காட்டியது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த விவரத்தைச் செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் என்ற நத்தை வேகத்தில் அனுப்புகிறது. முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். ஓடும் காரில் மரமும் பாலமும் குறுக்கிட்டால் இன்னும் தாமதம். முதல் தடவை திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கருவியை இயக்கிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். அணைத்து வைத்தபடி வெகுதூரம் எடுத்துச் சென்ற பிறகும் இதையே செய்யுங்கள். அடுத்த முறை ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடும்.

அப்படியும் பிடிக்காவிட்டால் உங்கள் காரின் முன்கண்ணாடியைக் கவனியுங்கள். வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி சிக்னலையும் தடுக்கும். அவற்றில் பல, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் உள்கண்ணாடிக்கு அருகே பூச்சு இல்லாத ஒரு சிறு பகுதியை விட்டு வைத்திருக்கும். கருவியைக் காருக்கு வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே சிக்னல் கிடைத்து உள்ளே மட்டும் கிடைக்காவிட்டால் குற்றம் கண்ணாடியுடையது. வெளியிலும் கிடைக்காவிட்டால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தன் பழைய கருவியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், மூன்றைச் சோதித்த பிறகு. முதலில், அந்த மாடலுக்கு இன்னும் வரைபடப் புதுப்பிப்பு தருகிறார்களா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். தருவதில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, திறந்த வானத்தின் கீழ் இயக்கித் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னல் வாரங்களை 0 முதல் 1,023 வரைதான் எண்ணும். அதன்பின் மறுபடி 0. கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியது. அதற்கு முன் செய்யப்பட்டு, பிறகு மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில கருவிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டும். அதன் வழியையும் நேரக் கணக்கையும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

மூன்றாவது பேட்டரி. சார்ஜர் கம்பியைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பின்பு கருவியைக் கிடையாகப் பிடித்து விளிம்பைக் கவனியுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பல கோடைகள் கிடந்த என் கருவியில் பேட்டரி உப்பி, திரை ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் தொடவே வேண்டாம், சார்ஜும் ஏற்றாதீர்கள். லித்தியம் பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கேள்வி: நிறுத்தும்போதெல்லாம் கழற்ற வேண்டுமா? தினமும் மாட்டிக் கழற்றுவது சிரமமாக இருக்கிறது.

பதில்: கட்டாயம் கழற்றுங்கள். வெயில் ஒரு காரணம், திருட்டு மற்றொரு காரணம். கருவியை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணத் தாங்கியைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டாலும், கருவி உள்ளே எங்கோ இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அதையும் எடுத்து, கண்ணாடியில் பதிந்த வட்டத் தடத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். கிண்ணம் அடிக்கடி கழன்று விழுந்தால், அதையும் கண்ணாடியையும் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு அழுத்துங்கள். பெரும்பாலும் தூசுதான் காரணம்.

கருவியில் 'வீடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் உங்கள் கதவு எண்ணைப் பதியாதீர்கள். கருவியைத் திருடியவர் கையில் உங்கள் வீட்டுக்கு வழியும் சேர்ந்து கிடைத்துவிடும், நீங்கள் வெளியூரில் இருக்கும் நேரமாகப் பார்த்து. வீட்டுக்குச் சற்றுத் தள்ளி உள்ள நாற்சந்தியைப் பதிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து உங்களுக்கு வழி தெரியும்.