தெருநாய்க்குப் பிறப்புறுப்புக் கட்டி

கேள்வி: நாங்கள் சோறு போடும் தெருநாய்க்கு (ஆண், சுமார் 16 கிலோ) குறியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. தோலை விலக்கினால் காலிஃபிளவர் மாதிரி சதை. எங்கள் ஊரில் சிறிய கால்நடை மருந்தகம்தான். அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. இது இனச்சேர்க்கையில் தொற்றும் டி.வி.டி. (TVT, பரவும் பிறப்புறுப்புப் புற்றுக்கட்டி) ஆக இருக்கலாம். நக்குவதால் மூக்கிலும் வரும். உறுதிசெய்ய பயாப்சி (சதையை வெட்டி எடுத்துச் சோதிப்பது) வேண்டியதில்லை. ஈரத் துணியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடித் தகட்டைக் கட்டியில் ஒற்றி, உலர்த்தி, ஜீம்சா (செல்களைத் தெளிவாகக் காட்டும் சாயம்) இட்டால் போதும். சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே உருண்டை செல்களும் அவற்றுள் வெள்ளைக் குமிழ்களும் தெரியும்.

மருந்து வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி. கிலோவுக்கு 0.025 மி.கி., உங்கள் நாய்க்கு 0.4 மி.கி., வாரம் ஒருமுறை, மருத்துவர் கையால், ரத்தக் குழாயில் (சிரையில்) மட்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகும். ஆகவே துள்ளும் நாய்க்கு முதலில் மயக்க ஊசி, பிறகு கான்யூலா (ரத்தக் குழாயில் பொருத்தும் மெல்லிய குழாய்); சலைன் செலுத்திப் பார்த்த பிறகே மருந்து. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் வெள்ளையணு எண்ணிக்கை பாருங்கள். 4,000-க்குக் கீழே போனால் சில நாள் தள்ளிப்போடலாம்.

பெரும்பாலும் இரண்டாவது ஊசியிலேயே ரத்தம் நின்றுவிடும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், கட்டி திரும்ப வளர்கிறது. முற்றிலும் மறையும்வரை, வழக்கமாக 4 முதல் 6 ஊசி. ஊசிக்குப் பின் சில நாள் நாயின் சிறுநீர், மலத்தில் மருந்து கலந்திருக்கும்; கையுறையோடு அள்ளுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.