இலவச உடைக்கு அம்மாவின் முகநூலைக் கொடுக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: தரம் 10இல் படிக்கும் என் மகன் கைத்தொலைபேசியில் ஒரு சண்டை கேம் விளையாடுகிறான். இப்போது வேறொரு நிறுவனத்தின் கேமைத் தரவிறக்கி, இரண்டு கணக்குகளையும் இணைத்து, பத்தாம் நிலை வரை விளையாடினால், பழைய கேமில் ஓர் உடை இலவசமாகக் கிடைக்குமாம். அவனுடைய வட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "எடுத்துவிடு" என்கிறார்கள். மீதிப் பேர் "ஏமாற்று வேலை, கிட்டவே போகாதே" என்கிறார்கள். இணைப்பதற்கு என் முகநூல் கணக்கைக் கேட்கிறான். கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய அந்த ஒரே தொலைபேசியில்தான் என் வங்கிச் செயலியும் இருக்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: உடையை அவன் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் உங்கள் முகநூல் கணக்கைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு கேம்கள் கைகோத்துப் பரிசு வழங்குவது புதிய வழக்கமுமன்று, பெரும்பாலும் பொய்யுமன்று. 2010இல் வெளிவந்த 'போக்கர் நைட் அட் த இன்வென்டரி' என்ற சீட்டாட்டக் கேமில் எதிராளிகள் பந்தயமாக வைக்கும் பொருள்களை வென்றவர்களுக்கு, அதே பொருள்கள் வால்வ் நிறுவனத்தின் 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' கேமிலும் கிடைத்தன. ஓர் உடையை ஒருமுறை வரைந்துவிட்டால், அதை ஒருவருக்குக் கொடுப்பதற்கும் பத்து இலட்சம் பேருக்குக் கொடுப்பதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்கு ஈடாக நிறுவனம் பெறுவதுதான் மதிப்புள்ளது. எபிக் கேம்ஸ் என்ற கேம் நிறுவனம் 2018 டிசம்பரில் தன் இணையக் கடையைத் திறந்த காலம்முதல் முழுக் கேம்களையே இலவசமாக வழங்கிவருகிறது. அப்பிள் நிறுவனத்துடனான வழக்கில் 2021இல் வெளியான ஆவணங்களின்படி, முதல் ஒன்பது மாதங்களில் அந்த இலவசங்களுக்கு எபிக் கொடுத்தது ஏறத்தாழ 116 இலட்சம் டொலர். அவற்றின் வழியாகப் புதிதாகச் சேர்ந்த கணக்குகள் ஏறத்தாழ 50 இலட்சம். வகுத்துப் பார்த்தால், ஒரு கணக்கு இரண்டரை டொலருக்கும் குறைவான விலைக்கு வாங்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகனிடமும் கேட்கப்படுவது அப்படியொரு கணக்கும், பத்தாம் நிலையைத் தொடும்வரை அவன் செலவிடப்போகும் மாலைப்பொழுதுகளுமே ஆகும்.

வட்ஸ்அப் குழுவில் தடுப்பவர்களை வெறும் பயந்தாங்கொள்ளிகள் என்று தள்ளிவிட முடியாது. 'ஹெல்டைவர்ஸ் 2' கேமைக் கணினியில் வாங்கியவர்கள் எல்லோரும் சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்று 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டபோது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள், கணினிக் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் குவிந்தன. சில நாள்களிலேயே சோனி பின்வாங்கியது. அந்தக் கணக்கை முறைப்படி திறக்கவே வழியில்லாத நாடுகள் ஏராளமாக இருந்தன என்பதும், இலங்கையும் அவற்றுள் ஒன்று என்பதும் அந்தக் கோபத்தின் நியாயத்தைக் காட்டும். அடுத்து நடந்ததுதான் சுவையானது. 2025 ஜனவரியில், தன் வேறு சில கணினிக் கேம்களுக்கு அந்தக் கணக்கு கட்டாயமில்லை என்று அறிவித்த சோனி, விரும்பி இணைப்பவர்களுக்குக் கேமுக்குள் உடைகளும் கவசங்களும் தருவதாகச் சொன்னது. அதட்டிக் கேட்டுக் கிடைக்காததை ஆடை கொடுத்துக் கேட்டது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பரிசு எதற்காக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

எனினும், என்னிடம் வரும் சிக்கல்களில் உண்மையான நிறுவனத்தின் பரிசால் நேர்ந்தவை மிகக் குறைவு. அந்தப் பரிசின் பெயரைச் சொல்லி அதன் பக்கத்தில் திறக்கப்படும் போலிக் கடையால் நேர்ந்தவையே அதிகம். நம் பிள்ளைகள் நன்கறிந்த ஃப்ரீ ஃபயர் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரிசுக் குறியீடு 12 அல்லது 16 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். காலாவதியானால் வேலை செய்யாது. ஒரு பிராந்தியத்துக்கு வெளியிட்ட குறியீடு பெரும்பாலும் மற்றொன்றில் செல்லாது. எதனுடனும் பிணைக்காத 'கெஸ்ட்' (விருந்தினர்) கணக்கில் விளையாடுபவர் அதைப் பயன்படுத்தவே முடியாது. தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வெளியாகும் யூடியூப் காணொளியைப் பார்த்து மட்டக்களப்பிலுள்ள பிள்ளை அந்தக் குறியீட்டைப் போட்டால், அது மறுக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். மறுக்கப்பட்ட பிள்ளை அதோடு விட்டுவிடுவதில்லை, "எல்லா நாட்டுக்கும் வேலை செய்யும்" பக்கத்தைத் தேடத் தொடங்குகிறான். பொறி வைத்திருப்பவர்கள் காத்திருப்பது அந்தத் தேடலுக்காகத்தான்.

கல்லடியில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவனுக்கு இதுவே நேர்ந்தது. அவன் திறந்த பக்கத்தில் கேமின் சின்னமும் நிறமும் அச்சொட்டாக இருந்தன. பொத்தானை அழுத்தியதும், நீலப் பட்டையுடன் முகநூலின் உள்நுழைவுச் சாளரம் போன்ற ஒன்று எழுந்தது. அதன் மேற்பகுதியில் முகநூலின் முகவரிகூடத் தெளிவாகத் தெரிந்தது. உண்மையில் அது சாளரமே அன்று, அந்தப் பக்கத்துக்குள் வரையப்பட்ட ஒரு படம். முகவரியும் படத்தின் ஒரு பகுதிதான். அவன் தன் அக்காவின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தான். அன்றிரவே வெளிநாட்டிலுள்ள உறவினர்களுக்கு அக்காவின் பெயரில் "அவசரமாகப் பணம் தேவை" என்ற செய்திகள் போகத் தொடங்கின. இத்தகைய பக்கத்தைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு: உண்மையான பக்கத்தில், தொலைபேசியில் சேமித்துவைத்த கடவுச்சொல் தன்னை நிரப்பத் தானாக முன்வரும்; போலியில் வராது. பிள்ளை படத்தைப் பார்த்து ஏமாறும் இடத்தில், தொலைபேசியோ பக்கத்தின் உண்மையான இணைய முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அது முன்வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள். பரிசைத் தேடி எந்த இணைப்பையும் அழுத்தாமல், அவன் ஏற்கெனவே விளையாடும் கேமைத் திறந்து, அதன் அறிவிப்புப் பகுதியில் அந்தப் பரிசு சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பானது. அங்கே இல்லாத பரிசை இல்லையென்றே கொள்ளலாம்.

அறிவிப்பு உண்மையாக இருந்தால், மகனின் பெயரில் ஒரு தனிக் கூகுள் கணக்கைத் திறந்து, இரு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதியை) இயக்கி, கேமை அதனுடன் பிணையுங்கள். உங்கள் முகநூலை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கேம் கணக்கை ஒருமுறை ஒன்றுடன் பிணைத்தால் பிறகு மாற்றுவது இலகுவன்று, நாளை அவன் தனித் தொலைபேசி வாங்கினாலும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருப்பான். இணைக்கும்போது எந்தெந்தத் தகவல்கள் பகிரப்படும் என்று ஒரு திரை காட்டும். பெயரும் மின்னஞ்சலும் என்றால் சரி. நண்பர் பட்டியல், தொடர்பு எண்கள் என்று நீண்டால் வேண்டாம்.

வங்கிச் செயலியைப் பொறுத்தவரை, பிளே ஸ்டோரிலிருந்து தரவிறக்கும் கேம் அதற்குள் நேரடியாக நுழைந்துவிடாது. அஞ்ச வேண்டியது, பிளே ஸ்டோரில் சேமித்து வைத்திருக்கக்கூடிய வங்கி அட்டையையும், ரீலோட்டிலிருந்தே பணம் கழிக்கும் வசதியையுமே. பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து விளையாடுபவர்களை விரும்பாமலே பணம் செலவிடவைத்ததாக எபிக் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு சுமத்திய குற்றச்சாட்டு, 2022 டிசம்பரில் 24.5 கோடி டொலர் திருப்பிக் கொடுக்கும் உடன்பாட்டில் முடிந்தது. ஆகவே அட்டை விவரத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கொள்வனவுக்கும் சரிபார்ப்புக் கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்பை மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பாக) புதிய கேமை ஒருபோதும் நிறுவ வேண்டாம். வங்கிச் செயலி உள்ள தொலைபேசியில் அது மிகப் பெரிய ஆபத்து.

கடவுச்சொல்லை ஏற்கெனவே எங்காவது கொடுத்திருந்தால், உடனே அதை மாற்றி, முகநூலின் அமைப்பில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு 101 என்ற இலக்கத்தில் இலங்கை கணினி அவசர நடவடிக்கைப் பிரிவை அழைக்கலாம்.

உடை வந்து சேர்ந்ததும் மகன் புதிய கேமை அழித்துவிடுவான். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் செயலியை அழித்தாலும் கணக்கு இணைப்பு அழிவதில்லை. அவனது கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'மூன்றாம் தரப்பு இணைப்புகள்' என்ற பட்டியலைத் திறந்து, அதிலிருந்து புதிய கேமின் பெயரையும் நீக்கச் சொல்லுங்கள். பழைய கேமின் பெயர் அங்கே இருந்தால் அதை மட்டும் தொட வேண்டாம்.