திருவிடைமருதூரில் ஓர் ஓட்டு வீடு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஐம்பத்தாறு வயது. அம்பத்தூரில் தனியார் கம்பெனி வேலை. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. இதுவரை வாடகை வீடுதான். போன தைப்பூசத்துக்கு நானும் மனைவியும் திருவிடைமருதூர் போயிருந்தோம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் திண்ணையும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு ஒன்று விலைக்கு இருக்கிறது. இருபத்திநாலு லட்சம் சொல்கிறார்கள். சென்னையில் இந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? முற்றத்தைப் பார்த்ததிலிருந்து மனைவி வேறு பேச்சே பேசுவதில்லை. பிள்ளைகளோ 'கிழட்டு வீடு, விழுந்துடும்' என்கிறார்கள். தரகர் இந்த மாதமே முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

ஆர்., அம்பத்தூர்

அன்புள்ள ஆர்.,

இந்த மாதம் முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஊரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மகாலிங்க சுவாமி கோயில், தைப்பூசத்துக்குக் காவிரியில் தீர்த்தவாரி, கூப்பிடு தூரத்தில் தறிச்சத்தம் கேட்கும் திருபுவனம், ஆஸ்பத்திரிக்குப் பத்து கிலோமீட்டருக்குள் கும்பகோணம். ஓய்வுக்குப் பிறகு இருக்க இதைவிட நல்ல ஊரை நான் சொல்லிவிட முடியாது. என் கவலை வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றி.

சில வருஷம் முன்னால் ஒரு நண்பருக்காக டெல்டாவில் இதே மாதிரி ஒரு வீடு பார்க்கப் போனேன். விற்கிறவர் எண்பதைத் தொட்ட பெரியவர். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, 1940களின் பத்திரம் ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். அதற்கு அடியில் வாழைநாரால் கட்டிய ஒரு சின்னக் கட்டு. பழுப்பேறிய ரசீதுகள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். 'மனைப்பகுதி', அதாவது மனைக்கான வாடகை, என்று எழுதி, ஏதோ சில ரூபாயும் அணாவும் போட்டிருந்தது. "இது யாருக்குக் கட்டினதுங்க?" என்றேன். "கோயிலுக்குத்தான் தம்பி. அப்பா காலத்துலேர்ந்து கட்டறதுதானே" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. பிறந்து வளர்ந்த வீடு தன்னுடையதில்லை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இது சாதாரணம். சுவரும் ஓடும் தேக்குக் கதவும் குடியிருப்பவருடையது. அடிமனை கோயிலுடையது, அல்லது மடத்துடையது. தலைமுறை தலைமுறையாக மேல்கட்டிடத்தை மட்டும் விற்றும் வாங்கியும் வந்திருக்கிறார்கள். இப்போது அது லேசான காரியமில்லை. 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி, அந்த அனுமதி இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய மாட்டார். அடிமனைக்கு 'நியாய வாடகை' உண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். அந்தப் பெரியவரின் அப்பா அணாவில் கட்டியதை நீங்கள் ஆயிரங்களில் கட்ட வேண்டி வரும். விற்கிறவர் விட்டுப்போன பாக்கியும் உங்கள் தலையில் வந்து விழலாம்.

நீங்கள் பார்த்த வீடு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சொந்த மனையாகவும் இருக்கலாம். சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறை ஆவணத்தில் அந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கிராமக் கணக்கில் இருந்தால் அ-பதிவேடு, நகர அளவைக்குள் வந்திருந்தால் நகர நிலப் பதிவேடு. அதில் சுவாமி பெயரோ ஆதீனத்தின் பெயரோ இருந்தால், தரகர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்பார். பதிவு செய்த பத்திரங்களைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். மண் யாருடையது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

மண் சரியாக இருந்தால் அடுத்தது கையெழுத்து. இந்த வீடுகள் பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே நின்றுபோயிருக்கும். அவருக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஐந்து கிளையும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெண்களை விட்டுவிட்டு எழுதிக்கொடுப்பது இன்றும் நடக்கிறது, அதனால் சொல்கிறேன். தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போய்விட்ட சொத்தில் 1956 முதலே மகளுக்கும் சமபங்கு. பிதிரார்ஜித, அதாவது பரம்பரைச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்குப் பங்கு வந்துவிட்டது. நாடு முழுக்க 2005இல். 'அத்தை அமெரிக்காவுல இருக்காங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க' என்று யாராவது சொன்னால், அத்தை தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் வந்த பிறகு பேசலாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பிள்ளைகள் சொன்ன 'விழுந்துடும்' விஷயம். எனக்கு மனசு கேட்காத இடம் இது. நூறு வருஷம் நின்ற வீடு, ஆள் இருக்கும்வரை அவ்வளவு சீக்கிரம் விழாது. பூட்டிப் போட்ட வீடுதான் விழும். தினமும் ஜன்னல் திறந்து, பெருக்கி, அடுப்பெரிந்த வீட்டில் கறையான் கண்ணுக்குத் தப்பாது. பூட்டிய வீட்டில் குரங்கு தள்ளிய ஒரே ஒரு ஓடு போதும். அதன் வழியாக ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் சொட்டும், கீழே ஓட்டைத் தாங்கும் கைமரம் இற்றுப்போகும், அடுத்த ஆடிக்காற்றில் அந்தப் பக்கத்துக் கூரை உட்காரும். எத்தனையோ தெருக்களில் இப்படி நடுவில் பல் விழுந்த மாதிரி வீடு போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசை வீடுகளில் சுவர் பெரும்பாலும் பொது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் அதன் ஈரம் உங்கள் கூடத்துக்கு வரும். ஆகவே நீங்கள் பார்த்த வீட்டைப் போலவே இரண்டு பக்கத்து வீடுகளையும் பாருங்கள். விடுமுறைக்கு மட்டும் வந்து போக வாங்குவதாக இருந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் செய்யும் துரோகம் அது.

வாங்கி, மராமத்து செய்வதாக இருந்தால் கொத்தனாரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: சுவரில் சிமெண்ட் வேண்டாம். அந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை இழுத்துத் தானாகவே வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இரண்டு வருஷத்தில் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக உதிரும். 'சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்ல சார்' என்பார்கள். கிடைப்பது சிரமம்தான். ஆனால் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அதே தெருவில் ஒரு வீட்டை ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே. சனி ஞாயிறு போய்வரலாம், மனைவி அங்கேயே கொஞ்சநாள் இருந்து பார்க்கலாம். வாடகைக்குக் கேட்கும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று சிலர் கேட்கக்கூடும். இன்னும் கேட்கிறார்கள், அதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. கேட்டவர் வீட்டை விட்டுவிடுங்கள். கேட்காதவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் உங்களுக்கு வேண்டிய அக்கம்பக்கம் அவர்கள்தான்.

ஐப்பசி மழை பிடித்த இரண்டாம் நாள், குடையோடு போய் நீங்கள் பார்த்த அந்த முற்றத்தில் நில்லுங்கள். முற்றத்துத் தண்ணீர் சலதாரை வழியாக வெளியே போக வேண்டும். ஆனால் தார் ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டுப் பல தெருக்கள் திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டன. தண்ணீர் வெளியே போகிறதா, தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். எதிர்வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், போன வருஷம் எந்தப் படி வரைக்கும் ஏறியது என்று.

நிலப் பதிவேட்டின் நகல் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். முற்றத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை மட்டும் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.