டாக்கருக்கு மொத்த அனுமதி கொடுக்கலாமா?

கேள்வி: லேப்டாப்பில் டெஸ்ட் ஓட்ட, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் டேட்டாபேஸ் கன்டெய்னர்களை (டாக்கர் மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டிகளை) ஏஐ ஏஜென்டையே ஏற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு கமாண்டுக்கும் அனுமதி கேட்டு உயிரை எடுக்கிறது. எல்லாம் கன்டெய்னருக்குள்தானே நடக்கிறது? டாக்கர் கமாண்டுகள் அனைத்துக்கும் மொத்தமாக அனுமதி கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: கன்டெய்னருக்குள் இருப்பது உங்கள் டேட்டாபேஸ்தான், ஏஜென்ட் இல்லை. அது வெளியே உங்கள் டெர்மினலில் உட்கார்ந்துகொண்டு டாக்கர் டீமனை, அதாவது பின்னணியில் ஓடி கன்டெய்னர்களை நடத்தும் புரோகிராமை, ஏவுகிறது. லினக்ஸில் அந்த டீமன் வழக்கமாக ரூட்டாக, அதாவது மெஷினில் எதையும் செய்யும் அதிகாரத்தோடு, ஓடும். மெஷினின் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து (உள்ளிருந்து தெரியும்படி இணைத்து), எந்த ஃபைலையும் மாற்ற ஒரே ஒரு ரன் கமாண்ட் போதும். டாக்கர் குரூப்பில் ஒரு யூசரைச் சேர்த்தாலே ரூட்டுக்குச் சமமான அதிகாரம் போய்விடும் என்று டாக்கரின் ஆவணமே எச்சரிக்கிறது. மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு விஎம்முக்குள் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) ஓடுகிறது, அந்த அளவுக்குப் பரவாயில்லை. ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டர் அதற்குள் முன்கூட்டியே ஷேர் ஆகியிருக்கும். சர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி அங்கேதானே கிடக்கிறது.

ஏஜென்ட் டிஸ்க்கையே அழித்துவிடுமோ என்ற பயம் எனக்குப் பெரிதாக இல்லை. எனக்கு நடந்தது வேறு. என்வ் ஃபைலில் (செட்டிங்குகள் இருக்கும் ஃபைல்) டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு டெஸ்ட் ஓட்டச் சொன்னேன். பாஸ்வேர்ட் தவறு என்று எரர் வந்தது. போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), டேட்டா ஃபோல்டர் காலியாக இருந்தால்தான் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளும். வால்யூமில் (கன்டெய்னர் போனாலும் டேட்டா நிற்கும் இடம்) ஏற்கெனவே டேட்டா இருந்தால் பழையதுதான் செல்லும். ஏஜென்ட் இதைச் சரியாகவே கண்டுபிடித்தது. அப்புறம், வால்யூமைக் காலி செய்தால் புதுப் பாஸ்வேர்ட் ஏறிவிடும் என்று கன்டெய்னர்களை இறக்கும் கம்போஸ் டவுன் கமாண்டில், வால்யூமையும் அழிக்கும் மைனஸ் வி சேர்த்து ஓட்டிவிட்டது. டெஸ்ட் எல்லாம் பச்சை. நான் இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த மாதிரி டேட்டா போயே போச்சு. அதன் கணக்கில் அது ஒரு தவறும் செய்யவில்லை. டெஸ்ட் ஓட வேண்டும் என்றுதானே சொன்னேன்?

ஆகவே மொத்த அனுமதி வேண்டாம். கேள்வி மேல் கேள்வியும் வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது. டெஸ்டுக்கென்று தனி கம்போஸ் ஃபைல் (எந்தெந்தக் கன்டெய்னர் ஏற வேண்டும் என்ற பட்டியல்) எழுதி, அதற்குத் தனி புராஜெக்ட் பெயர் கொடுங்கள். கம்போஸ் உருவாக்கும் வால்யூம்களின் பெயருக்கு முன்னால் புராஜெக்ட் பெயர் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்தப் பெயரில் டவுன் அடித்தால் உங்கள் டெவலப்மென்ட் டேட்டாவை அது தொடாது. இன்னும் நல்லது, டெஸ்ட் டேட்டாபேஸுக்கு வால்யூமே கொடுக்காமல் டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ராமில், வைப்பது. கன்டெய்னர் நின்றதும் டேட்டாவும் போய்விடும், டெஸ்டும் வேகமாக ஓடும்.

பிறகு மேக்ஃபைலில் (கமாண்டுகளைப் பெயர் வைத்துச் சேர்க்கும் ஃபைல்) ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, லாக் பார்க்க ஒன்று என மூன்று டார்கெட் எழுதி, அவற்றை மட்டும் ஏஜென்டின் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். நேரடி டாக்கர் கமாண்ட் எது வந்தாலும் உங்களைக் கேட்கட்டும். ஒரு ஓட்டை இருக்கிறது: மேக்ஃபைலையே ஏஜென்ட் திருத்தலாமே! அதையும் அந்த கம்போஸ் ஃபைலையும் மாற்றுவதற்கு அனுமதி கேட்கும்படி வைத்துவிடுங்கள். ஏஜென்டையே ஒரு கன்டெய்னருக்குள் வைத்துவிட்டு, டீமனோடு பேசும் வழியான டாக்கர் சாக்கெட்டை உள்ளே மவுன்ட் செய்து கொடுப்பவர்களும் உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருடனிடமே கொடுப்பது மாதிரி அது. உண்மையான பிரிப்பு வேண்டுமென்றால் தனி விஎம் ஒன்றில் ஏஜென்டையும் டாக்கரையும் சேர்த்தே வையுங்கள்.

போர்ட்டையும் பாருங்கள். கம்போஸ் ஃபைலில் போஸ்ட்கிரெஸ் போர்ட்டை 5432:5432 என்று மட்டும் எழுதினால் டாக்கர் அதை மெஷினின் எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தாலும் தடுக்காது, டாக்கர் தன் விதிகளை நேராக அதற்கும் அடியில் இருக்கும் ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்ளும். முன்னால் 127.0.0.1 சேர்த்துவிட்டால் உங்கள் லேப்டாப்போடு நிற்கும்.

இன்னொன்று. டேட்டாபேஸ் தயாராகும் முன்பே டெஸ்ட் ஓடி விழுந்தால், ஏஜென்ட் 30 நொடி ஸ்லீப் போட்டுச் சமாளிக்கப் பார்க்கும். விடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் பிஜி-இஸ்ரெடி கமாண்டை வைத்து ஒரு ஹெல்த்செக் (கன்டெய்னர் நலமா என்று டாக்கர் பார்க்கும் சோதனை) எழுதுங்கள், அதில் ஹோஸ்ட்டாக 127.0.0.1 கட்டாயம் கொடுங்கள். முதல்முறை ஏறும்போது போஸ்ட்கிரெஸ் இமேஜ், உள்வேலைகளுக்காகத் தற்காலிகமாக ஒரு சர்வரை ஓட்டி, அதை நிறுத்திவிட்டுத்தான் உண்மையான சர்வரைத் தொடங்கும். அந்தத் தற்காலிக சர்வர் யூனிக்ஸ் சாக்கெட்டில் (நெட்வொர்க் இல்லாமல் கன்டெய்னருக்குள்ளேயே பேசும் வழி) மட்டும் பதில் சொல்லும். ஹோஸ்ட் கொடுக்காத ஹெல்த்செக் அதைப் பார்த்தே 'தயார்' என்று சொல்லிவிடும்.