பெனிசிலின் பாக்டீரியாவைக் கொல்கிறது, நம் செல்களை ஏன் விட்டுவிடுகிறது?

காரணம் செல்சுவர். பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற வலை இருக்கிறது. நம் செல்களுக்கு அது கிடையாது. அந்த வலையின் இழைகளைக் குறுக்கே பிணைக்க ஒரு நொதி உண்டு. அது பிடிப்பது, இழையில் இரண்டு டி-அலனைன் (ஒரு வகை அமினோ அமிலம்) கொண்ட முனையை. பெனிசிலின் வடிவத்தில் அந்த முனையை ஒத்திருப்பதால் நொதி ஏமாந்து பிடித்துக்கொள்கிறது, அப்புறம் விடுபட முடிவதில்லை. கிருமி வளர வளரச் சுவர் பலவீனமாகி, தண்ணீர் புகுந்து வெடித்துவிடும். வளராமல் சும்மா கிடக்கும் கிருமியிடம் இது அவ்வளவாகப் பலிக்காது. வைரஸுக்கு இந்தச் சுவரே இல்லை, சளிக்கு இதை விழுங்குவது வீண்.

கிருமிகளும் லேசுப்பட்டவை அல்ல. சில, பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியால் மருந்து மூலக்கூறில் உள்ள வளையத்தையே உடைத்துவிடுகின்றன. அந்த நொதியை முடக்கத்தான் பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்க்கிறார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இன்னும் கெட்டி: பெனிசிலின் எளிதில் ஒட்டாத வேறொரு நொதியை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது.