நோயைக் கண்டறிய மருத்துவருக்குக் கணினி எப்படி உதவுகிறது?

நோயாளியின் அறிகுறிகளையும் பரிசோதனை முடிவுகளையும் வைத்து, இது எந்தெந்த நோயாக இருக்கலாம் என்று மருத்துவருக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருள் இதற்கென இருக்கிறது.

ஏன் தேவை? காய்ச்சல் என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் எத்தனையோ நோய்கள் இருக்கலாம். களைத்த மருத்துவரின் மனம் முதலில் தோன்றிய நோயிலேயே நின்றுவிடும். அரிதானது நினைவுக்கு வராது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற மென்பொருள், 'இந்த அறிகுறி இருந்தால் இதுவாக இருக்கலாம்' என்பது போன்ற சுமார் 600 விதிகளைக் கொண்டு, இரத்தத்தில் தொற்றியிருக்கும் பாக்டீரியா எதுவென ஊகித்தது. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் காரணத்தையும் காட்டியது. அதன் பெரிய சிறப்பு அதுதான் என்பேன். இன்றைய மென்பொருள்கள் பல, ஏராளமான எக்ஸ்ரே படங்களைப் பார்த்துப் பழகியவை.

கார் ஓட்டுபவரின் பக்கத்தில் அமர்ந்து, "இடப்பக்கம் சைக்கிள் வருகிறது, பாருங்கள்" என்பவரைப் போன்றது இது. ஸ்டியரிங் மருத்துவரின் கையில்தான்.

திரையில் 90 சதவீதம் என்று வந்தால் நோய் உறுதி எனப் பலர் எண்ணுகிறார்கள். அது, மென்பொருளுக்குக் கொடுத்த விவரங்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு; வயிற்றை அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்தது அதற்குத் தெரியாது.