மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் மூன்று மாதம்: என்ன வேலைக்குப் போகலாம்?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகள் மே மாதம் பட்டப்படிப்பை முடிக்கிறாள். ஆகஸ்டில் மெடிக்கல் ஸ்கூல். நடுவில் நோயாளிகளோடு பழகுகிற வேலை ஒன்றுக்குப் போக ஆசைப்படுகிறாள். ஸ்க்ரைப் (டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது குறிப்பெடுப்பவர்), இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவர்), சி.என்.ஏ. (சான்றிதழ் பெற்ற நர்ஸ் உதவியாளர்) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரிப்படும்?

பதில்: மூன்று மாதம் என்றாலும் வேலை பார்க்கக் கிடைப்பது ஏழெட்டு வாரம்தான். வேலை உறுதியான பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு, கைரேகை, தடுப்பூசிச் சான்றுகள் என்று பல வாரங்கள் ஓடிவிடும். அதனால் சேர்வதற்கு முன்பே புதிதாக உரிமம் வாங்க வேண்டிய வேலைகளை விட்டுவிடுங்கள். இ.எம்.டி. வகுப்பே ஏறக்குறைய 150 மணி நேரம். அதன்பின் தேர்வு, மாநில உரிமம். ஸ்க்ரைபுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் பயிற்சிக்கே சில வாரங்கள் ஆவதால், பெரும்பாலும் ஓராண்டாவது இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். ஆகஸ்டில் கிளம்புவதை மறைத்துச் சேர வேண்டாம். பாதியில் விட்டால் அந்த இடத்தில் நற்சான்று கேட்க முடியாது.

மருத்துவமனையில் இரண்டு வேலைகள் பொருந்தும். நோயாளியை எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் அழைத்துப்போகும் டிரான்ஸ்போர்ட்டர். கீழே விழக்கூடிய, மனம் குழம்பிய நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் சிட்டர். விளம்பரத்தில் ‘பெர் டியம்’ அல்லது ‘பி.ஆர்.என்.’ என்று இருப்பதைத் தேடுங்கள். தேவைப்படும் ஷிஃப்டுக்கு மட்டும் கூப்பிடும் முறை அது.

எங்கள் முதல் தேர்வு, முதியோர் நர்சிங் ஹோம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது என்று நோயாளியின் உடலோடு நெருங்கிப் பழகும் வேலை அங்கேதான் கிடைக்கும். இதைச் செய்பவர் நர்ஸ் எய்டு, சான்றிதழ் வாங்கினால் சி.என்.ஏ. இந்த வேலைக்குக் கூட்டரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. சில மாநிலங்களில் அதைவிடக் கூடுதல், கலிஃபோர்னியாவில் 160. வகுப்பு தொடங்கும் நாளில் நர்சிங் ஹோம் வேலைக்கு எடுத்திருந்தாலோ, எடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே விதி. முதல் 16 மணி நேரப் பாடம் முடியாமல் முதியவர்களைத் தொட விடமாட்டார்கள். சான்றிதழ் வாங்கும் முன்பே, நான்கு மாதம் வரை பயிற்சியாளராக வைத்துக்கொள்ளக் கூட்டரசு விதி இடம் தருகிறது. மாநில விதி கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ‘இத்தனை மாதம் இருக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.

அதிகம் தாமதமாவது தடுப்பூசிச் சான்றில்தான். வழக்கமான ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ் முடிய ஆறு மாதம். பழைய சான்று தொலைந்திருந்தால் உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ‘டைட்டர்’ என்னும் ரத்தப் பரிசோதனை போதும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளுக்கும் அதுவே வழி. இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்த பிள்ளைகள் காசநோய்ப் பரிசோதனையில் கவனமாக இருக்க வேண்டும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியால், நோய்த்தொற்று இல்லாமலேயே தோல் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ காட்டலாம். பிறகு மார்பு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று வேலை தள்ளிப்போகும். முதலிலேயே குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. மார்ச்சிலேயே இவற்றை முடித்து வைத்தால், மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் சான்றுகளில் பாதியும் அதோடு தயாராகிவிடும்.

விசாவையும் பாருங்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருந்தால், ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் அனுமதி) அட்டை கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கலாம். வேலையும் படித்த துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பள வேலைக்குப் போகவே கூடாது. அவர்களுக்கு மருத்துவமனையின் வழக்கமான தன்னார்வலர் பணி உண்டு.

சேர்ந்த பிறகு இரண்டு விஷயம். நோயாளியைத் தனியாகத் தூக்க வேண்டாம். இடுப்பில் கட்டும் கெய்ட் பெல்ட், தூக்கும் இயந்திரம், இன்னொரு ஆள், இவை இல்லாமல் முயன்றால் முதுகு போய்விடும். தெரிந்தவர்களின் மருத்துவப் பதிவைத் திறந்து பார்ப்பதும் கூடாது. யார், எப்போது திறந்தார்கள் என்பது கணினியில் பதிவாகும். வேலை போவதோடு அந்தச் செய்தி மெடிக்கல் ஸ்கூலையும் எட்டலாம்.